நாயின் தோல் அரிப்புக்கு எஞ்சின் ஆயில் மருந்தாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த கையோடு, நெல்லைச் சீமையில் வீட்டு நாய், தெரு நாய் என்ற வேறுபாடின்றி எல்லாம் காதைச் சொறிவதும், வாலடியைக் கடிப்பதும், சுவரோடு முதுகைத் தேய்ப்பதுமாக அல்லாடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகும், பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்தாழ்வாரமான தார்சாவுக்கு இதே குறையோடு நாயைக் கூட்டிக்கொண்டு வருவோர் குறைந்தபாடில்லை. அவர்களில் பெரும்பாலோர் என்னிடம் வருவதற்கு முன்பே ஏதோ ஒரு வைத்தியத்தைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அரிப்பைவிட அந்த வைத்தியத்தால் வந்த கேடு பெரிதாக இருக்கிறது என்பதாலேயே தங்கள் நாளிதழ் வாயிலாக இதை எழுத நேர்ந்தது.

முதலில் எஞ்சின் ஆயில். ‘ஆயிலத் தேச்சு வெயில்ல கட்டிப் போடுங்க அண்ணாச்சி, ரெண்டே நாள்ல செரியாயிரும்’ என்பது அம்பாசமுத்திரம் முதல் திசையன்விளை வரை மெக்கானிக் கடை வாசல்களில் காசில்லாமல் கிடைக்கும் மருத்துவ ஆலோசனை. வண்டியிலிருந்து வடித்தெடுத்த அந்தக் கரிய எண்ணெயில் எஞ்சின் தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்ததால் உண்டான சேர்மங்களும் கலந்திருக்கின்றன. அச்சேர்மங்களில் சில புற்றுநோயை உண்டாக்கவல்லவை. நாய் தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும் என்பதால், தோலில் தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போய்ச் சேரும். வாந்தியும் கழிச்சலும் அதில் சிறிய தொல்லைகள். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டால் நுரையீரல் அழற்சி வந்து நாய் பிழைப்பதே அரிதாகிவிடும். ஏற்கெனவே சொறிந்து வெடித்திருக்கும் தோலில் எண்ணெயைப் பூசி வெயிலில் கட்டிப்போட்டால் வெந்துபோவதும் உண்டு. மண்ணெண்ணெய்க்கும், தரை துடைக்கும் பினாயிலுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் இந்த வைத்தியத்துக்கு ஊரெல்லாம் பேர் எப்படி வந்தது என்று கேட்பது நியாயமே. ஆறு மாதம், எட்டு மாதக் குட்டிகளின் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் முன்னங்காலிலும் முடி கொட்டி, காசு அளவில் ஒன்றிரண்டு சொட்டைகள் விழுவதுண்டு. மயிர்க்கால்களுக்குள் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய சிற்றுண்ணி அதற்குக் காரணம். தாய்ப்பால் குடிக்கும் முதல் சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேரும் இந்தச் சிற்றுண்ணி, பெரும்பாலான நாய்களில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி முழுமையாக வளராத பருவத்தில் மட்டும் சற்றே பெருகி முடியைக் கொட்டச் செய்கிறது. இவ்வாறு ஓரிரு இடங்களில் மட்டும் வருவதில் மிகப் பெரும்பாலானவை எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் தாமாக ஆறிவிடும். அந்தச் சமயத்தில் தடவிய எண்ணெய்க்குப் பேர் கிடைத்துவிடுகிறது. உடம்பு முழுவதும் பரவிச் சீழ் பிடித்த டெமோடெக்ஸ் அப்படி ஆறாது. மாதக்கணக்கில் முறையான சிகிச்சை வேண்டும்.

யாராவது ஏற்கெனவே ஆயில் தடவியிருந்தால், அதைப் போக்கப் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ தொடவேண்டாம். பழைய துணியால் முடிந்த மட்டும் துடைத்தெடுத்த பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பிசுக்குப் போகும் வரை பலமுறை கழுவ வேண்டும். நக்கி விழுங்கியிருக்கும் என்ற ஐயம் இருந்தால், உப்புக் கரைசலோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலையில் இறங்காமல் நேரே மருத்துவரிடம் கொண்டுபோவதே சரி.

நாய் சொறிவதற்குக் காரணம் ஒன்றல்ல என்பதும், காரணத்துக்கு ஏற்றபடி மருந்து மாறும் என்பதும்தான் நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயது. தெள்ளுப்பூச்சி, உண்ணி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், பூஞ்சை, பாக்டீரியா, ஒவ்வாமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் காரணத்தை ஊகிப்பதற்கான முதல் தடயத்தை நாயின் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். எந்த இடத்தில் சொறிகிறது, எந்த இடத்தில் முடி உதிர்ந்திருக்கிறது என்று வெயில் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

இடுப்புக்குப் பின்னே, வாலின் அடியில், பின்னந்தொடையில் கடித்துக் கடித்து முடி கொட்டியிருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சி ஓடி ஒளிந்துகொள்ளும். அதன் கழிவு ஒளியாது. ஒரு வெள்ளைத் தாளை நனைத்து விரித்து, அதன்மேல் வாலடி முடியைச் சீப்பால் வாரி உதறினால் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் விழும். அவை வெறும் மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால், அது செரித்த இரத்தம் என்பதால், சற்று நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாக நீர் ஊறி நிற்கும். இந்தச் சோதனைக்கு ஆய்வகமும் வேண்டாம், ஆய்வாளரும் வேண்டாம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே நாட்கணக்கில் அரிக்கப் போதுமானது. ஆகவே ‘பூச்சி ஒன்றும் கண்ணில் படவில்லையே’ என்பது பூச்சி இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. கூடவே, மலவாயைச் சுற்றி அரிசி மணி போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவது. புழு மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் புழு மறுபடியும் வரும்.

தெள்ளு ஒழிப்பில் நம்மவர்கள் தோற்பது நாயிடத்தில் அன்று, வீட்டிடத்தில்தான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். அவை நாயின் முடியில் தங்காமல் நாய் படுக்கும் சாக்கிலும், தார்சாவின் தரை வெடிப்பிலும், தொழுவத்து மண்ணிலும் உதிர்ந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகும். நாயின் மேல் நாம் காணும் வளர்ந்த பூச்சி, அந்த வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கூட்டுக்குள் இருக்கும் பருவத்தை மருந்து எளிதில் எட்டாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, பக்கத்தில் உடற்சூடும் அதிர்வும் உணர்ந்தபோது வெளியே குதிக்கும். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே காலடி வைத்ததும் கணுக்காலில் சுருக்கென்று கடிப்பது அதனால்தான். சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவைப்பது, மூலை முடுக்கெல்லாம் கூட்டிப் பெருக்கிக் குப்பையை எரிக்காமல் கட்டி அகற்றுவது, வீட்டிலுள்ள பூனை உட்பட எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்திடுவது, இதை விடாமல் மூன்று மாதமாவது தொடர்வது என்ற நான்கும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். பூனை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. வலிப்பு வந்து இறந்துபோகும்.

உண்ணியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாத சேதி, நம்மூர் நாய் உண்ணி சுவர் ஏறும் பழக்கம் உள்ளது என்பது. வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. வெறும் அரிப்போடு இது போவதில்லை. எர்லிக்கியா, பபேசியா என்ற இரத்தக் காய்ச்சல்களைப் பரப்புவதும் இதுவே. இரை எடுக்காமல் சோர்ந்து படுத்த நாயின் ஈறு வெளுத்தோ, மூக்கில் இரத்தம் கசிந்தோ இருந்தால் தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். உண்ணியைப் பீடிக் கங்கால் சுடுவதும் விரல் நகத்தால் நசுக்குவதும் ஆபத்து. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவிடலாம்.

இனி, ஊரார் உண்மையில் அஞ்சும் சொறி. சார்கோப்டஸ் என்னும் சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வரும் இந்நோய்தான் நாயை இரவும் பகலும் தூங்கவிடாமல் அடிப்பது. காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் முட்டி, அடிவயிறு ஆகிய முடி குறைந்த இடங்களில் தொடங்கி, தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்து மெல்லத் தேய்த்தால், நாய் அதே பக்கத்துப் பின்னங்காலைத் தூக்கிக் காற்றில் சொறியத் தொடங்கும். இது முழு நிச்சயம் தரும் சோதனை அன்று; என்றாலும் மருத்துவர்களே மேசையில் செய்து பார்ப்பது. வீட்டில் உள்ளவர்களுக்கும் நாயைத் தூக்கும் கையிலும் வயிற்றிலும் சிறு சிறு தடிப்புகளோடு அரிப்பு வந்திருந்தால் ஐயம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அந்த நாய்ச் சிற்றுண்ணி மனிதத் தோலில் இனம் பெருக்க இயலாதது என்பதால், நாயைக் குணப்படுத்தினால் மனிதர்களின் அரிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

இந்தச் சொறிக்கு ஊரில் வழங்கும் இரண்டாவது குறுக்குவழி, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி. மருந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கண்டுபிடித்த ஜப்பானின் சதோஷி ஓமுரா, அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்பெல் ஆகிய இருவரும் 2015-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றால் அதன் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறை எங்கே என்றால், பல நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கென்று செறிவாகத் தயாரித்ததை, பத்துக் கிலோ நாய்க்குக் கண்ணளவில் ஊசியில் ஏற்றுவதில்தான். அளவு மிஞ்சினால் கண் பார்வை மங்கும், கால் தள்ளாடும், நினைவு தப்பும். கோலி, ஷெட்லாண்டு ஷீப்டாக் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு, மருந்தை மூளைக்குள் புகவிடாமல் தடுக்கும் புரதம் பிறவியிலேயே பழுதுபட்டிருக்கிறது. அவற்றுக்குச் சொறிக்கான சாதாரண அளவே உயிருக்கு உலை வைத்துவிடும். இப்போது பாளையங்கோட்டைத் தெருக்களிலும் இத்தகைய வெளிநாட்டு இனங்களும் கலப்பினங்களும் நடமாடுவதால், எது என்ன கலப்பு என்று தெரியாத நாய்க்கு மருத்துவரைக் கேளாமல் இந்த ஊசியைக் குத்துவது சூதாட்டமே. ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவதும் பயனற்றது. முட்டை பொரித்து வளர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மருந்திட்டே தீர வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் அஃபோக்சோலனர், ஃப்ளூராலனர், சரோலனர் என்ற பெயர்களில் மெல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன. உடல் எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் தெள்ளு, உண்ணி, இரு வகைச் சிற்றுண்ணி ஆகிய அத்தனைக்கும் இவை கேட்கின்றன. ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை பலன் நிற்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் நாலைந்து முறை வாங்கும் பவுடர், சோப்பு, ஊசிச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு கூடுதல் இல்லை என்பது என் கணக்கு. வலிப்பு வரலாறு உள்ள நாய்க்கு இவற்றைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சொட்டை வட்டமாக, ஓரத்தில் செதிலாக, அரிப்புக் குறைவாக இருந்தால் படர்தாமரை. அது வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றும். தொற்றியபின் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடவும் கூடாது. மனிதர்களுக்கென்று மருந்துக்கடையில் வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாய்க்குப் பூசுவோர் இங்கே கவனிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் சிவப்பு அடங்கியது போலத் தோன்றும். அடியில் பூஞ்சை நிம்மதியாகப் படரும். நாய் அந்தக் களிம்பை நக்கியும் தீர்க்கும். ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படியே. மருத்துவர் சொன்ன நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் அது பெரிய உபகாரம். சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாமே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால், நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து, வீடெல்லாம் சிறுநீர் கழித்து, எதிர்ப்புச் சக்தி குன்றி, உள்ளே அடங்கிக் கிடந்த டெமோடெக்ஸும் கிளம்பிவிடும்.

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, ஆனால் ஆண்டு முழுவதும் பாதத்தை நக்குகிறது, காது அடிக்கடி சீழ் பிடிக்கிறது, அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கிறது என்றால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். வெள்ளை முடி உள்ள நாயின் பாதம் நக்கி நக்கித் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருப்பதை நன்றாகக் காணலாம். இராஜபாளையம் நாய் போன்ற வெண்ணிறக் குட்டை முடியும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட இனங்களில் இந்தச் சிவப்பு சீக்கிரமே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது வளர்ப்பவருக்கு ஒரு வசதி. ஒவ்வாமை தூசியாலும் மகரந்தத்தாலும் வரலாம், உணவாலும் வரலாம். உணவு என்றதும் பலர் ‘புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லையே’ என்கிறார்கள். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் நெடுநாள் தின்று பழகிய பொருளுக்குத்தான் வரும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி குற்றவாளியாக அகப்படுபவை. டீக்கடை பொறையும் பிஸ்கட்டும் பால்சோறும் கோழிக்காலுமே சாப்பாடாகக் கொண்ட நம்மூர் நாய்க்கு இவற்றில் மூன்று அன்றாடம் கிடைத்துவிடுகின்றன.

இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த நாய் இதுவரை தின்றறியாத ஒரே ஒரு புரத உணவையும் அரிசிச் சோற்றையும் மட்டும், வேறு எதுவும் கலக்காமல், எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே உலகெங்கும் கைக்கொள்ளும் வழி. அரிப்புத் தணிந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்புத் திரும்புகிறதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒரே வளாகத்தில் பல குடும்பங்கள் குடியிருக்கும் வளவு வீடுகளில் இது மிகக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் எட்டு வாரம் விரதம் காத்தால், பக்கத்து வீட்டுப் பாட்டி ஐந்தாம் வாரத்தில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடுவார். எனவே அக்கம்பக்கத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மீன் ஒத்துக்கொள்ளும் நாயாக இருந்தால், முள் நீக்கி வேகவைத்த சாளை மீனை அவ்வப்போது சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு தோலுக்கு நல்லது. ஆனால் பலன் தெரிய ஓரிரு மாதமாவது ஆகும். மனிதர்களுக்கான சளி மாத்திரையை அரிப்புக்குக் கொடுக்கக் கூடாது. அதில் சேர்ந்திருக்கும் மூக்கடைப்பு மருந்து நாயின் இதயத்தைப் படபடக்க வைத்துவிடும்.

மருத்துவரிடம் போகும் வரை அரிப்பைத் தணிக்க என்ன செய்யலாம் என்பதே எல்லோரும் கேட்பது. வெந்நீர் கூடாது, அது அரிப்பைக் கூட்டும். குளிர்ந்த நீரால் நன்றாகக் கழுவி, விரல் இடுக்கும் காதின் உட்புறமும் ஈரமில்லாமல் துடைத்தாலே பாதி வேதனை குறையும். நம்முடைய குளியல் சோப்பு வேண்டாம். மனிதத் தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, அதனால் நம் சோப்பு அதைக் காயவைத்து அரிப்பை மிகுவிக்கும். பாக்டீரியாவோ ஈஸ்டோ சேர்ந்து நாற்றமும் பிசுபிசுப்பும் இருந்தால் குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பு கேட்டு வாங்கலாம். அதைத் தடவியவுடன் கழுவிவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. நுரை தோலில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாயை நக்கவிடாமல் பேச்சுக் கொடுத்தோ, சிறிது தீனி காட்டியோ பிடித்து வைத்திருப்பதுதான் இந்த வைத்தியத்தின் கடினமான பகுதி.

வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றுவதில் தவறில்லை, ஓரளவு இதமாக இருக்கும். தோலுக்குள் வளை தோண்டியிருக்கும் சிற்றுண்ணியை அது எட்டாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துக் கலந்து காய்ச்சித் தடவும் பழக்கம் கிராமங்களில் உண்டு. கற்பூரம் நாய்க்கு நஞ்சு; தோல் வழியாகவும் உறிஞ்சப்படும், நக்கினால் வலிப்பு வரும். அருள்கூர்ந்து அதை விட்டுவிடுங்கள். சொறிந்து புண்ணாக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு வடிவப் பட்டை கடையில் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் தடித்த அட்டையை வளைத்துக் கட்டினாலும் போதும், தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உண்ணி மருந்தாக விற்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் கரைசல்களை நாய்க்கு ஊற்றிவிட்டுத் தாமிரபரணிப் படித்துறையிலோ, பாளையங்கால்வாயிலோ இறக்கிக் குளிப்பாட்டுவோரைப் பார்க்கிறோம். இம்மருந்துகள் சொட்டளவில் கலந்தாலும் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கொடிய நஞ்சு. கழுவும் நீர் ஆற்றில் சேராதபடி வீட்டுக் கொல்லையிலேயே அலசிக்கொள்ள வேண்டும். கரைசலைக் கலக்கும்போது கையுறை அணிவதும், குப்பியில் குறித்திருக்கும் அளவைத் தாண்டாமல் இருப்பதும் நமக்கும் பாதுகாப்பு.

தெரு நாய்களின் நிலை தனி. முடி உதிர்ந்து, தோல் தடித்து, நாற்றமெடுத்துத் திரியும் நாயை வெறிநாய் என்று எண்ணிக் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள். முடி உதிர்வது வெறிநோயின் அறிகுறி அன்று. அது பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய சொறி. மேலே சொன்ன மெல்லும் மாத்திரையை எடை மதிப்பிட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், உணவு போடுபவர் அதைச் சோற்றுருண்டைக்குள் வைத்து, நாயைத் தொடாமலே கொடுத்துவிடலாம். சில வாரங்களில் புது முடி முளைத்து நாய் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்நேரத்தில் கடியோ கீறலோ பட்டுவிட்டால், சொறி நாய்தானே என்று இருந்துவிடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயம்.

இங்கேதான் நிர்வாகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். எப்படியும் கையில் அகப்பட்டு, சில நாட்கள் கூண்டில் இருக்கும் அந்த நாயின் தோலை ஒருமுறை பார்த்து, சொறி இருந்தால் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்புவதற்குத் தனிச் செலவும் தனி ஆளும் பெரிதாக வேண்டியதில்லை. பார்க்காமல் விட்டால், கூண்டில் அடுத்தடுத்து அடைபடும் நாய்களுக்கே சொறி பரவும் வாய்ப்பு உண்டு. மாநகராட்சியும் நகராட்சிகளும் ஒப்பந்தத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

அதேபோல் வட்டந்தோறும் உள்ள கால்நடை மருந்தகங்களில் வாரத்தில் ஒரு நாளையாவது நாய்களின் தோல் பரிசோதனைக்கென்று ஒதுக்கி, நுண்ணோக்கி ஒன்றை அந்த நாளுக்காவது வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும். தோல் சுரண்டல் பரிசோதனைக்கு வேண்டியவை ஒரு பிளேடு, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு துளி திரவ பாரஃபின், நுண்ணோக்கி, பார்க்கத் தெரிந்த ஒருவர் ஆகியவையே. மருத்துவர்கள் மேல் குறை சொல்லவில்லை; காலையில் சினை ஊசிக்கு வரிசையாக நிற்கும் மாடுகளுக்கு நடுவே நாய்த் தோலை உட்கார்ந்து சுரண்ட அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதை உடனிருந்து அறிந்தவன் நான். இராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி நடத்தும் முகாம்களை நாங்குநேரி, இராதாபுரம், களக்காடு போன்ற பக்கங்களுக்கும் கொண்டுபோய், தடுப்பூசியோடு தோல் பரிசோதனையையும் சேர்த்தால் மாணவர்களுக்கும் பயிற்சி, மக்களுக்கும் பயன்.

பரிசோதனைக்கு நாயைக் கூட்டிச் செல்லும் வாசகர்கள், அதற்கு முந்தைய சில நாட்களில் குளிப்பாட்டாமலும், எண்ணெய், களிம்பு, பவுடர் எதுவும் போடாமலும் கொண்டுபோக வேண்டும். கழுவித் துடைத்துப் பளபளப்பாகக் கொண்டுபோனால் தடயம் எல்லாம் போய்விடும். இதுவரை என்னென்ன மருந்து கொடுத்தோம் என்பதைக் குப்பியோடோ அட்டையோடோ எடுத்துச் செல்வதும், எஞ்சின் ஆயில் தடவியிருந்தால் அதைக் கூச்சப்பட்டு மறைக்காமல் சொல்வதும் மருத்துவருக்குப் பேருதவி. சார்கோப்டஸ் சிற்றுண்ணி சுரண்டலில் அகப்படாமல் தப்பிவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ‘ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் சொறிக்கே மருந்து தருகிறேன்’ என்று மருத்துவர் சொன்னால் அதை அலட்சியம் என்று எண்ணாமல், சொன்ன இடைவெளியில் மறுமுறையும் போய் மருந்தை முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.